இருபது முகமும் ஒரு செங்கல்லும்

அத்தியாயம் 5

பூட்டு பூட்டியபடி இருந்தது. கதவு சாத்தியபடி இருந்தது. உள்ளே இருந்த சாமான்தான் இல்லை.

இந்த மாதிரித் திருட்டு என்றால் பெரியவர் பாவாடைக்குக் கல்யாணப் பத்திரிகை வந்த மாதிரி. வெளியூர்க்காரனைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்களை எல்லாம் நிம்மதியாகச் சந்தேகப்படலாம்.

சந்தேகம்தான் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில். வாலிபத்திலிருந்து தலை நரைக்கும்வரை நெல் குடோனில் காவல் இருந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் சின்ன வயசிலேயே ஒத்துப்போகவில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பாதித் தெரு போன பிறகு திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். "பூட்டிட்டன்னு நானே சொன்னா ஆச்சா? சாட்சி வேணாமா?" என்பார். வயசான காலத்தில் இந்தக் குணத்தை வீணாக்குவானேன் என்று 'பாவாடை துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை எழுதி, ஜங்ஷன் ரோட்டில் வேல்விழியின் ஜெராக்ஸ் கடைக்குள் மாட்டிவிட்டார்.

வேல்விழிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கடை அவளுடையது. ஸ்கூட்டி அவளுடையது. துப்பறியும் நிலையத்தின் வாயும் அவளுடையதுதான்.

"ஐயா, வந்து இவ்ளோ நேரமாவுது, இன்னும் யாரையும் திட்டலையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இரும்மா. பாத்துக்கிட்டு இருக்கறன்."

பார்ப்பதற்கு நிறைய இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் கொட்டகைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் கடைசிக் கொட்டகை அது. பலகைகளில் வர்ணம் பூசாத பிள்ளையார்களும் மயில்களும் வெள்ளை வெளேரென்று நின்றன. மூலையில் சின்ன கேஸ் சூளை. அதற்குப் பக்கத்தில் தொட்டி நிறைய மண்கூழ். நடுவில், கை முழுக்கக் காய்ந்த மண்ணோடு கொட்டகையின் சொந்தக்காரி வளர்மதி நின்றாள்.

"தாய் அச்சுங்க ஐயா. பிளாஸ்டர்ல செஞ்சது. தேங்காய ரெண்டா உடைச்ச மாதிரி ரெண்டு மூடி. அத வெச்சுத்தான் மத்த அச்செல்லாம் எடுக்கணும். நேத்து காலையில வந்து பாக்கறன், பலகையில எடம் மட்டுந்தான் இருக்குது."

"வேற என்னா போச்சு?"

"ஒண்ணும் போவல. மோட்டார் அப்படியே கெடக்குது. புது கேஸ் சிலிண்டர் அப்படியே கெடக்குது."

"சிலிண்டர வுட்டுட்டுப் பிளாஸ்டரத் தூக்கினானா? என்னா அச்சும்மா அது, அம்மன் சிலையா?"

வளர்மதி மடியிலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். எலுமிச்சம்பழம் பருமனில் பளபளவென்று பீங்கான் காய். முகம் முகமாகச் செதுக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்.

"பகடைங்க. மொத்தம் இருபது மொகம்."

பாவாடை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாயம் ஆட நாலு பக்கம் போதும். அதுலயே அண்ணந்தம்பி வெட்டிக்கறான். இருபது எதுக்கு?"

"அது தாயம் இல்ல ஐயா," வேல்விழி குறுக்கே வந்தாள். "கத வெளையாட்டு. ஒருத்தி கத சொல்லுவா. மத்தவங்க ஆளுக்கொரு வீரன். உங்க வீரன் மதில் ஏறணும்னு வைங்க, ஏறிட்டன்னு வாயால சொன்னா செல்லாது. பகடைய உருட்டணும். வுழுந்த எண்ணோட உங்க வீரனுக்கு ஏறுற திறம எவ்ளோ இருக்குதோ அதையும் கூட்டணும். கத சொல்றவ வெச்ச எண்ணத் தொட்டா ஏறிட்டாரு. தொடலன்னா இடுப்பு ஒடஞ்சுது. திறமச் சோதனன்னு பேரு."

"இருபது வுழுந்தா?"

"நடக்காததும் நடக்கும். ஒண்ணு வுழுந்தா செருப்பு வாரு அறுந்து சாக்கடையில வுழுவாரு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"போன மாசம் வெண்பா ஆட்ட வெதிப் புஸ்தகத்த ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்தா. கடையில கரண்ட்டு இல்ல. படிச்சன்."

வெண்பா என்பவள் வளர்மதியின் தங்கை. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இந்தக் கொட்டகையில்தான் ஆட்டம். பிளாஸ்டிக் பகடை பிடிக்காமல் தங்கை கேட்டாள் என்று அக்கா விளையாட்டாய்ச் செய்து கொடுத்தது பீங்கான் பகடை. அதைப் படம் பிடித்து யாரோ போட, பாண்டிச்சேரியில் இந்த விளையாட்டுக்கென்றே கடை வைத்திருக்கும் பாலகிருஷ்ணன் என்பவர் பார்த்துவிட்டார். அச்சையும் காயையும் நேரில் பார்த்துச் சரியென்று பட்டால் வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். இன்று சாயங்காலம் வருகிறார்.

"வந்து அச்சு எங்கன்னு கேட்டா நான் என்னாத்தக் காட்டுவன்?" வளர்மதி கையில் காய்ந்த மண்ணை உரித்தபடியே கேட்டாள். "இந்த வேலை வரலன்னா சூளைய மூடணும். பழையபடி அடுத்தவங்க கொட்டகையில குந்தி பொம்மைக்குக் கண்ணு எழுதணும். திரும்ப அங்க போயி நிக்க முடியாதுங்க ஐயா. அவ்ளோ பேசிட்டு வந்துட்டன்."

"போலீசுக்குப் போனியா?"

"கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனன். பிராது எழுதிக் கட்டிட்டன்."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் குறையை எழுதிக் கட்டிவிட்டால், சாமியே விசாரித்துத் தண்டிப்பார் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கட்டினவரே போய்த் திரும்ப வாங்கினால்தான் வழக்கு முடியும்.

"சாமிக்கு வழக்கு நெறைய," என்றார் பாவாடை. "நம்மகிட்ட கூட்டமில்ல. யார் யாருக்கும்மா இந்த அச்சு இருக்கிற எடம் தெரியும்?"

"ஆட வர்றவங்களுக்குத்தான். திலீபன், மெடிக்கல் வெச்சிருக்குதே அந்தப் புள்ள. பிரவீன்குமார், செல்லு ரிப்பேரு. அப்பறம் கணக்கு டியூஷன் எடுக்கிற நடராசன் சார். பாவம், சாருதான் ரொம்ப வருத்தப்பட்டாரு. இந்தப் பகடைக்குக் கோணம் போட்டுக் குடுத்ததே அவருதான். உடனே எல்லார் வூட்டையும் சோதன போடுங்கன்னாரு. பிராது கட்டினதுதான் அவருக்குப் புடிக்கல. மனுசங்க வெவகாரத்துக்கு எதுக்கும்மா சாமின்னாரு."

"படிச்சவங்க அப்பிடித்தான் பேசுவாங்க," என்று சொல்லிவிட்டுப் பாவாடை கதவைப் பார்க்கப் போனார்.

தகரக் கதவு. குறுக்கே, சுவர்க் கொக்கியில் மாட்டிய நாதாங்கி. நாதாங்கியில் முரட்டுப் பூட்டு. சாவி வளர்மதியின் தாலிக்கயிற்றில். பாவாடை வெளியே நின்று அதைப் பூட்டச் சொன்னார். பழக்கதோஷத்தில் இழுத்துப் பார்த்தார். பூட்டு அசையவில்லை. திருப்தி இல்லாமல் இன்னும் கொஞ்சம் இழுத்தார். அப்போதுதான் கதவு இடது பக்கமாய் லேசாக ஆடியது. கீழே பார்த்தார். சுவரோரம் ஒரு செங்கல். அதன் விளிம்பில் தகரம் உரசின துருக்கோடு.

குனிந்து, கதவின் இடது கீழ்முனையைப் பிடித்துத் தூக்கினார். கனமே இல்லை. செங்கல்லை அடியில் முட்டுக் கொடுத்தார். மேலே நாதாங்கி, பூட்டோடு சேர்ந்து, கொக்கியை விட்டுச் சத்தம் போடாமல் கழன்றுகொண்டது.

வளர்மதி வாயைப் பிளந்தாள். "எனக்கே தெரியாதுங்களே இது!"

"உனக்குத் தெரியாதுன்னு நீ சொல்ற," என்றார் பாவாடை. "இருக்கட்டும். இந்த வெசயம் நம்ம மூணு பேரத் தவிர நாலாவது ஆளுக்குத் தெரிஞ்சா அவந்தான் திருடன். தங்கச்சிகிட்ட மூச்சு வுடாத. நாலு பேரையும் மதியானம் இங்க ஆட வரச் சொல்லு."

*

"கதவை எப்பிடித் தொறப்பன்னு கேட்டா எந்தத் திருடனாவது சொல்லுவானா ஐயா?" ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே வேல்விழி கேட்டாள்.

"கேட்டா சொல்ல மாட்டான். வெளையாட்டுல கேட்டா?"

"வெளையாட்டுலயும் மாட்டான்."

"பாப்பமே. முன்னாடி அந்த செல்லு ரிப்பேருகாரன்கிட்ட வுடு. சின்னச் சின்ன ஊசியும் கொறடும் வெச்சிருக்கறவன நான் நம்பறதில்ல."

பிரவீன்குமார் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு செல்போனின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். பாவாடை நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நீதான எடுத்த?"

அவன் கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்தான். "பெருசு, எடுத்திருந்தா நான் ஏன் இன்னும் தோத்துக்கிட்டு இருக்கறன்? என் வீரன் பூட்டு ஒடைக்கறவன். வெளையாட்ட ஆரம்பிச்சதிலேர்ந்து ஒரு பூட்டத் தொறந்ததில்ல. பல்லி வுழுந்தாக்கூட அவனுக்கு மயக்கம் வருது."

"ஜெயிக்கறது யாரு?"

"நடராசன் சாருதான். அவரு வீரன் கருங்கல் குள்ளன். ரெண்டு வருசமா அவன் தவறி நான் பாத்ததில்ல. போட்டா இருபது, இல்லாட்டி பக்கத்துல. டியூஷன் புள்ளைங்ககூட 'குள்ளன் சார்'னுதான் கூப்புடுதுங்க. அதுல அவருக்கு ஒரே பெரும."

"நல்ல மனுசனா?"

"நல்லவருதான். வெதிய மட்டும் யாரும் மீறக் கூடாது. ஒரு தடவ என் வீரன் கெணத்துல தண்ணி குடிச்சான். வெண்பா அதுக்கும் உருட்டச் சொல்லிட்டா. சாரு எழுந்து நின்னுட்டாரு. 'தவறினா என்ன நஷ்டம்? நஷ்டமில்லாததுக்கு உருட்டக் கூடாது. சும்மா கைய வெச்சாலே நடக்கிறதுக்கும் உருட்டக் கூடாது!' அன்னிக்கு ஆட்டமே நின்னுபோச்சு. தண்ணி கேட்ட பாவத்துக்கு நானு சாயங்காலம் வரைக்கும் பாடம் கேட்டன்."

வெளியே வந்ததும் பாவாடை முடிவாகச் சொன்னார். "இவந்தான்."

"எதனால?"

"ரொம்ப நல்லாப் பேசறான்."

"அப்ப நானுந்தான் ஐயா."

"உன்னையும் சேத்துத்தான் வெச்சிருக்கறன்."

*

மதியம் கொட்டகையில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். மெலிந்த திலீபன் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தான். நடராசன் சார் மடிப்புக் கலையாத சட்டையோடு, பையிலிருந்து தன் பகடையை ஒரு வெல்வெட் துணியில் சுற்றி எடுத்து வைத்தார். தந்தம் மாதிரி வழவழவென்று இருந்தது. வளர்மதி முதன்முதலில் செய்த பகடை அது; மற்ற இருவரிடமும் பழைய பிளாஸ்டிக்தான்.

பாவாடை காலையிலேயே வெண்பாவிடம் இரண்டே கட்டளை போட்டிருந்தார். கதையில் வரும் கதவு இந்தக் கொட்டகைக் கதவேயாக இருக்க வேண்டும். யார் எதைச் செய்தாலும் பதினெட்டைத் தொட வேண்டும். எதற்கு என்று சொல்லவில்லை. அவளையும் அவர் நம்பவில்லை.

"நானும் ஆடறன்," என்றாள் வேல்விழி. "என் வீராங்கன மீன்காரி. பேரு அல்லிராணி. ஆயுதம் அருவாமன."

"பகடை?" என்றாள் வெண்பா.

வேல்விழி எழுந்து போய், கழிவுக் குவியலைக் கிளறி, மேலே மயிரிழைக் கீறல் விழுந்த காய் ஒன்றை எடுத்து வந்தாள். "கனமா இருக்குது. போதும்."

வெண்பா குரலைத் தாழ்த்தினாள். "இரும்பு மலைக்குக் கீழ ஒரு மந்திரவாதியோட கொட்டகை. தகரக் கதவு, பூட்டு, நாதாங்கி, அச்சு அசல் இந்தக் கதவேதான். உள்ள ஒரு மாயக் கல்லு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். என்ன பண்றீங்க?"

"பூட்டத் தொறக்கறன்," என்றான் பிரவீன்குமார். பாவாடையின் கண் அவன் விரலை விட்டு நகரவில்லை. பகடை உருண்டது. ஒன்பது. திறமை ஆறு. பதினைந்து.

"ஊசி உள்ளயே ஒடஞ்சுபோச்சு," என்றாள் வெண்பா.

"வழக்கந்தான்."

திலீபன் கூரை ஏறினான். நான்கு விழுந்தது. அவன் வீரன் கூரையில் கால் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான். திலீபன் அதை ஒரு முறுக்கோடு ஏற்றுக்கொண்டான்.

நடராசன் சார் செருமினார். "என் குள்ளன் உள்ளே போகவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று யாராவது வருகிறார்களா என்று கவனிக்கிறான்." உருட்டினார். இருபது.

"பாத்தீங்களா?" என்று பிரவீன்குமார் பாவாடையைப் பார்த்தான்.

இப்போது வேல்விழி. பாவாடை மூக்கைச் சொறிந்தார். அதுதான் சைகை. அவர் பார்வை பிரவீன்குமாரின் முகத்தில் குத்திட்டு நின்றது. கதவு என்றதும் அந்த முகம் மாறும், பிடித்துவிடலாம் என்பது கணக்கு.

"அல்லிராணி கீழ குனிஞ்சு கதவத் தூக்கறா," என்றாள் வேல்விழி.

"உருட்டுங்கக்கா. பதினெட்டு."

காய் திடுதிடுவென்று உருண்டு நின்றது. இரண்டு.

"கதவு அசையவே இல்ல," என்றாள் வெண்பா. "அல்லிராணிக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு."

பிரவீன்குமார் சிரித்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பாவாடைக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆனது.

"அநியாயம்!"

நடராசன் சார் எழுந்து நின்றுவிட்டார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"வெண்பா, இது விதிக்கே விரோதம்! இந்தக் கதவைத் தூக்குவதற்கு எதற்கு உருட்ட வேண்டும்? பதினெட்டாம், பதினெட்டு! இடது பக்கம் தூக்கி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தால் நாதாங்கி தானே கழன்றுகொள்ளும். குழந்தைகூடச் செய்யும். சும்மா கையை வைத்தாலே நடக்கிற காரியத்துக்குச் சோதனை கிடையாது என்று எத்தனை தடவை..."

அவர் வாய் அங்கேயே நின்றது. திலீபன் முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தான்.

"எந்தச் செங்கல்லு சார்?" என்றார் பாவாடை மெதுவாக.

"பொதுவாகச் சொன்னேன்."

"பொதுவா எடது பக்கம். பொதுவா செங்கல்லு. இந்தக் கொட்டகைக்காரிக்கே இன்னிக்குக் காலையில நான் காட்டித்தான் தெரியும் சார்."

"சார், இப்ப நீங்க பொய் சொல்ற சோதனைய உருட்டணும்," என்றாள் வேல்விழி.

நடராசன் சாரின் கையிலிருந்து பகடை நழுவியது. பாயில் உருண்டு, தயங்கி, நின்றது. இருபது.

"இருபது!" திலீபனுக்கு வாய் திறந்தது. "அப்ப சாரு சொல்றத நாம நம்பணும்பா. வெதி."

"நீங்க நம்புங்க தம்பி." பாவாடை பகடையைக் கையில் எடுத்தார். "நான் மனுசனையே நம்பறதில்ல, காய நம்புவனா? இது ஏன் எப்பப் பாத்தாலும் இருபதே வுழுது?"

சார் பொத்தென்று உட்கார்ந்தார். மடிப்புக் கலைந்தது.

"என் அரிசி டிரம்மில் இருக்கிறது," என்றார். "தாய் அச்சு. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்."

பிரவீன்குமார் எழுந்து பைக் சாவியை எடுத்தான். "வூட்டுச் சாவியக் குடுங்க சார். உங்க கதவையாவது நான் தொறக்கறன்." போய்விட்டான்.

"ஏன் சார்?" என்றாள் வளர்மதி. "கோணம் போட்டுக் குடுத்ததே நீங்கதான?"

"கோணம் எல்லாம் சரியம்மா. அதில் பிழை கிடையாது." அவர் தலை நிமிரவில்லை. "ஆனால் இந்தக் காய் நேர்மையாக விழுவதில்லை. எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். பாலகிருஷ்ணன் வந்தால் சோதிக்காமல் வாங்க மாட்டார். எல்லாம் ஒரே அச்சு. உன் காய் பொய் என்றால் என் காயும் பொய். என் குள்ளன்..."

"ஒரு குள்ளனுக்காகவா?" என்றாள் வெண்பா.

"ரெண்டு வருஷம் தவறாதவன் அம்மா அவன்."

பாவாடைக்கு ஆளை நம்பவும் மனசில்லை, பகடையை நம்பவும் மனசில்லை. "பொய்யின்னு நீரு சொல்றீரு. எங்க, காட்டும் பாப்பம்."

நடராசன் சார் எழுந்து மண்கூழ்த் தொட்டியிடம் போனார். தன் பகடையை மெதுவாக உள்ளே விட்டார். கெட்டிக் கூழில் அது மூழ்காமல் மிதந்தது. மிதந்து, தள்ளாடி, தானாகத் திரும்பி, இருபதை மேலே காட்டிக்கொண்டு நின்றது. விரலால் அமுக்கிச் சுழற்றிவிட்டார். மறுபடியும் இருபது. வளர்மதி பலகையிலிருந்த புதுக் காய்களை எடுத்துப் போட்டாள். ஒவ்வொன்றும் நீச்சல் பழகிய வாத்து மாதிரி திரும்பி இருபதைக் காட்டியது.

வளர்மதி தொட்டியைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு திரும்பி, பலகையில் நிற்கும் பிள்ளையார்களைப் பார்த்தாள்.

"அடி," என்றாள். "அடி வெச்சுட்டன்."

"என்னாம்மா?"

"அச்சுல கூழ ஊத்தி, ஓரத்துல மண்ணு புடிச்சதும் மிச்சத்த வடிச்சுடுவோங்க. உள்ள வெறுங்கூடா இருக்கும். ஊத்தின ஓட்டைய அப்பறம் மண்ணு அப்பி மூடணும். பொம்மைக்கு அந்த மண்ணத்தான் கனமா அப்புவோம், நேரா நிக்கணுமில்ல? சின்ன வயசுலேர்ந்து அந்தக் கையி. பெரிய எண்ணு மேல இருக்கட்டும்னு ஒண்ணு போட்ட பக்கத்த ஓட்டையா வெச்சன். அங்க கனமா அப்பிட்டன்." அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பகடைக்குப் போயி அடி வெச்சிருக்கறன் பாருங்க."

அப்போது அவள் செல்போன் அடித்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பிய பாலகிருஷ்ணன், விருத்தாசலத்துக்குள் நுழைந்துவிட்டதாகச் சொன்னார்.

"போச்சு," என்றாள் வளர்மதி. "அச்சு கெடச்சும் போச்சு."

வேல்விழி தன் கையிலிருந்த கழிவுக் காயைத் தொட்டியில் போட்டாள். குளுக்கென்று மூழ்கியது.

"அல்லிராணி அடிக்குப் போயிட்டா ஐயா. ரெண்டு வுழுந்தப்பவே நெனச்சன், இது நம்மள மாதிரி ஏழைங்க காயின்னு."

வளர்மதி முழங்கை வரை கையை விட்டு அதை எடுத்தாள். கனத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. "இது... கூழ வடிக்க மறந்துபோன காயி. உள்ள கெட்டியா நின்னுடுச்சு. சூளையில கீறல் வுட்டுடுச்சுன்னு தூக்கிப் போட்டன்." கழுவித் தரையில் உருட்டினாள். பதிமூன்று. மறுபடி. ஆறு. மறுபடி. பதினேழு. மறுபடி. ஒன்று. ஒன்று விழுந்ததற்கு ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷப்பட்டதை வேல்விழி அதற்கு முன் பார்த்ததில்லை.

*

பாலகிருஷ்ணன் தலைமுடியைக் குடுமி போட்ட, தொப்பை விழுந்த மனிதர். பையிலிருந்து ஒரு டம்ளரையும் உப்புப் பொட்டலத்தையும் எடுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. தண்ணியில உப்பக் கரைச்சு மெதக்க வெச்சுப் பாக்கறது என் பழக்கம்."

"உப்பு வேணாங்க. நானே காட்டறன்." வளர்மதி அவரைத் தொட்டியிடம் கூட்டிப் போனாள். மிதக்கும் காய்களை எல்லாம் காட்டினாள். "இதெல்லாம் பொம்ம சார். தெரியாம செஞ்சுட்டன்." கீறல் காயை அவர் கையில் கொடுத்தாள். "இதுதான் பகடை. கூழு ஊத்தினா கீறுது. கரண்ட்டு பியூசுக்குப் பீங்கான் கட்டை செய்யற மாதிரி அச்சுல மண்ண அமுக்கிச் செஞ்சா கீறாது. அச்சு இதோ." பிரவீன்குமார் வாசலில் அரிசி ஒட்டின பிளாஸ்டர் மூடிகளோடு நின்றான்.

அவர் காயை உருட்டினார், யோசித்தார், மறுபடி உருட்டினார். உப்புப் பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"தன் சரக்குல தப்ப எடுத்துக் காட்டிட்டு விக்கறவங்கள இப்பத்தான் பாக்கறன். அமுக்கிச் செஞ்சு பத்துக் காய் அனுப்புங்கம்மா. மூழ்கிச்சுன்னா வேலை உங்களுக்குத்தான்."

கார் கிளம்பிய பிறகுதான் நடராசன் சார் மூலையிலிருந்து எழுந்து வந்தார்.

"வளர்மதி, போலீசுக்குக்கூடப் போ. அந்தப் பிராதை மட்டும் திரும்ப வாங்கிவிடம்மா. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை."

"மனுசங்க வெவகாரத்துக்கு எதுக்கு சாமின்னீங்களே சார்?" என்றாள் வேல்விழி.

வளர்மதி கீறல் காயை அவரிடம் நீட்டினாள். "உருட்டுங்க. பதினொண்ணத் தொட்டா வாங்கிடறன்."

"இதற்குப் போய் உருட்டுவதா?"

"தவறினா நஷ்டம் இருக்குதில்ல சார்? அப்ப உருட்டலாம். உங்க வெதிதான்."

அவர் வெண்பாவைப் பார்த்தார். "கூட்டிக்கொள்ளத் திறமை ஏதாவது...?"

"எதுக்கு சார், திருட்டுக்கா, பொய்க்கா?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, எந்த எண் விழும் என்று தெரியாமல் அவர் பகடையை உருட்டினார். கை வேகத்தில் அது பாயைத் தாண்டி, பிள்ளையார் பலகைக்கு அடியில் ஓடி நின்றது. யாருக்கும் தெரியவில்லை. பாவாடை முட்டியைப் பிடித்துக் குனிந்து, கையை விட்டு, எட்டிப் பார்த்தார். காயை எடுத்து வளர்மதியிடம் கொடுத்தார்.

"பதினொண்ணு," என்றார்.

நடராசன் சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

*

ஜங்ஷன் ரோடு திரும்பும்வரை வேல்விழி பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"ஐயா, நெசமா என்னா வுழுந்துது?"

"நாலு."

ஸ்கூட்டி ஒரு குலுங்கு குலுங்கியது. "ஏன் ஐயா? உங்களுக்கு எப்பலேர்ந்து எரக்கம் வந்துது?"

"எரக்கமா? பிராது இருந்தா சாமி பாத்துக்கும்னு எல்லாரும் சும்மா இருந்துடுவாங்க. இல்லன்னா அந்த ஆள நாமதான பாத்துக்கணும்? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் போயி எதிர்ல குந்திக்கறன். அடி இல்லாத காய வெச்சு உருட்டட்டும்."

"சாமி மேலயும் நம்பிக்க இல்லையா உங்களுக்கு?"

பாவாடை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடை கண்ணில் படும் நேரத்தில் அவள் தோளைத் தட்டினார்.

"வண்டியத் திருப்பு. கதவுக் கொக்கிய அடிச்சு வளைச்சுட்டன்னு வளர்மதி சொன்னா. சொன்னா ஆச்சா? ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டு வந்துடுவோம்."